மனநல வார்டுக்கு மாற்றல் வந்திருக்கிறது: அங்கே செவிலியருக்கு என்ன வேலை?

பதிவு 1
ஒகேனக்கல் சாரல் (தருமபுரி மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஏழு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். நான்கு ஆண்டுகள் பிரசவ வார்டிலும் மூன்று ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை வார்டிலும் கழிந்தன. வரும் ஒன்றாம் தேதி முதல் மனநல வார்டில் வேலை பார்க்கும்படி உத்தரவு வந்திருக்கிறது. செய்தி பரவியதும் உடன் பணிபுரிபவர்களில் பாதிப் பேர், "உனக்கென்னம்மா, இனி ஓய்வுதான், ஊசியும் இல்லை, குளுக்கோசும் இல்லை" என்றார்கள். மீதிப் பேர், "யாரைப் பகைத்துக்கொண்டாய்? அங்கே தூக்கிப் போட்டுவிட்டார்களே" என்று கேட்டார்கள். வீட்டில் என் மாமியார், அந்த வார்டுக் காற்று குழந்தைமேல் படக்கூடாது என்றும், வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே கால் கழுவி, உப்பு சுற்றிப் போட்ட பிறகுதான் உள்ளே வர வேண்டும் என்றும் இப்போதே சொல்லிவிட்டார்.

படிக்கும் காலத்தில் மனநலச் செவிலியம் ஒரு பாடமாக இருந்தது. பயிற்சிக்காகக் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நாங்கள் கூட்டமாக நின்று, கூட்டமாகப் பயந்து, ஒரு நோயாளியுடன் பேசியதை வரிக்கு வரி எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கித் திரும்பினோம். இப்போது அதில் எதுவும் நினைவில் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இத்தனை ஆண்டுகள் கற்ற கைவேலை அங்கே துருப்பிடித்துவிடுமா? ஒரு ஷிஃப்ட் முழுவதும் அங்கே செவிலியர் உண்மையில் செய்வது என்ன? தன் சோற்றில் கணவர் விஷம் வைத்துவிட்டதாக ஒரு பெண் என்னிடம் சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? மூன்றாவது கேள்வி கற்பனை இல்லை. நேற்று அந்த வார்டைப் பார்க்கப் போனபோது ஒரு பெண் அப்படிச் சொல்லியேவிட்டார், நான் பேசாமல் நின்றேன்.


பதிவு 2
வெண்தொப்பி (பாலக்கோடு)

சகோதரிக்கு வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதில் பத்தொன்பது ஆண்டுகள் மனநலப் பிரிவில் கழிந்தன. உங்கள் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் அதைக் கேட்கிறவர்கள்தான் பெரும்பாலும் அந்த வார்டில் நன்றாக வேலை செய்வார்கள்.

உங்கள் அறுவைச் சிகிச்சை வார்டிலேயே இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கால் எலும்பு முறிந்து சேர்ந்தவர் இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் இரவு கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, போர்வையில் ஊரும் பூச்சிகளைப் பொறுக்கத் தொடங்குவார். "இவருக்கு மனம் பிறழ்ந்துவிட்டது, அந்த வார்டுக்கு மாற்றுங்கள்" என்று குரல் எழும். அவருடைய மனம் பிறழவில்லை. நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால், கடைசியாகக் குடித்த 48 முதல் 72 மணி நேரத்தில் வரும் சித்தக் குழப்பம் அது, உயிரையே எடுத்துவிடும். அப்போது நாடி, ரத்த அழுத்தம், உடல் சூடு, உள்ளே போன தண்ணீரின் அளவு எல்லாவற்றையும் விடாமல் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் (வைட்டமின் பி1) போயிற்றா என்று கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் இது எத்தனை அடிக்கடி வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கைவேலை துருப்பிடிக்குமா என்று அந்த இரவில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஊசி போட்ட இளைஞருக்குச் சில மணி நேரத்திலோ மறுநாளோ கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு தடித்துப் பேச்சு குழறும். உடனிருக்கும் தாய் சாமி வந்துவிட்டது என்று அலறுவார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் திருநீறு எடுப்பார். இது மருந்தினால் வரும் தசை இறுக்கம் என்று உடனே அடையாளம் கண்டு மருத்துவரை அழைத்தால், புரோமெத்தசின் ஊசியில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். அதே மருந்து சிலருக்கு உட்காரவும் நிற்கவும் முடியாத தவிப்பைத் தரும். இதை நோயின் வேகம் கூடிவிட்டதாக எண்ணி மேலும் ஒரு ஊசி போட்டால் தவிப்பு இரட்டிப்பாகும். உடல் விறைத்துக் கடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அந்த மருந்தின் அடுத்த வேளையை நிறுத்திவைத்து அந்த நொடியே மருத்துவரை எழுப்ப வேண்டும். இவை எந்த இயந்திரத்திலும் தெரியாது. வார்டில் எட்டு மணி நேரம் இருப்பவருடைய கண்ணில்தான் படும்.

விஷம் வைத்ததாகச் சொல்லும் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். விஷம் இல்லை என்று வாதாடினால் நீங்களும் கணவர் பக்கம் சேர்ந்தவராகிவிடுவீர்கள். ஆமாம் என்று தலையாட்டினால் அவருடைய பயத்துக்குச் சாட்சியாகிவிடுவீர்கள். நான் இப்படிச் சொல்லுவேன்: "எனக்கு அப்படித் தெரியவில்லையம்மா. ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு சாப்பாட்டின் முன் உட்காருவது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது." அதன் பிறகு தோல் உரிக்காத வாழைப்பழமும் ஓடு உடைக்காத வேகவைத்த முட்டையும் கொடுப்பேன். அவரே உரிக்கட்டும், அவரே உடைக்கட்டும். பலர் அந்த முட்டையிலிருந்துதான் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் 1952-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அது பாடத்தில் வந்திருக்கும், தேர்வுக்குப் படித்து மறந்திருப்பீர்கள். முட்டையை மறக்காதீர்கள்.

கேஸ் ஷீட்டில் "நோயாளி அமைதியாக இருந்தார்" என்று எழுதுவதைத் தயவுசெய்து முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது. "இரவு 2.15 மணிக்கு எழுந்தார், சன்னல் ஓரம் நாற்பது நிமிடம் நின்றார், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, யாருக்கோ தலையசைத்தார்" என்று எழுதினால் அதுவே ஒரு பரிசோதனை முடிவு. மனச்சோர்வில் சேர்ந்தவர் மருந்து தொடங்கிய சில நாட்களில் எழுந்து நடமாடி, தலை வாரிக்கொண்டார் என்றால் வீட்டார் மகிழ்வார்கள். நீங்கள் அப்போதுதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மனத்தின் துயரம் குறையும் முன்பே உடலின் தெம்பு திரும்பிவிடும் நாட்கள் அவை.


பதிவு 3
தகடூரான்

அம்மா எழுதியது அனைத்தையும் மதிக்கிறேன், ஆனால் ஒரு மறுப்பு இருக்கிறது. நான் அவசரப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். இரவு பதினொரு மணிக்கு நான்கு பேர் சேர்ந்து ஒருவரைத் துண்டால் கையைக் கட்டிக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அவர் அரிவாளோடு தெருவில் நின்றவர். வார்டில் அப்போது இருப்பது ஒரே ஒரு செவிலியர், முப்பது கட்டில்கள், வயதான ஒரு காவலாளி. அந்த நேரத்தில் துண்டை அவிழ்த்துவிட்டு "உங்கள் பயம் புரிகிறது" என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பெங்களூரில் பெரிய நிறுவனங்களின் ஆள்பலத்தைப் பார்த்து எழுதப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. புதிதாகப் போகும் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள், தத்துவத்தைப் பிறகு பார்க்கலாம்.


பதிவு 4
வெண்தொப்பி (பாலக்கோடு)

மருத்துவர் ஐயாவின் கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாக வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் கூடாது என்று 95-ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது. தனியறையில் பூட்டிவைப்பதை 97-ஆம் பிரிவு தடுக்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை அது முற்றாகத் தடுக்கவில்லை. உடனடியாக நேரப்போகும் தீங்கைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான நேரத்துக்கு மட்டும், தொடர்ந்த கண்காணிப்பில் செய்யலாம். ஏன் செய்தோம், எந்த முறையில் செய்தோம், எவ்வளவு நேரம் வைத்தோம் என்று பதிவு செய்ய வேண்டும், நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அரிவாளோடு வந்தவர் உங்கள் வாதத்துக்கு உதவ மாட்டார், ஐயா. அவருக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

உங்கள் வாதம் உண்மையில் இடிக்கும் இடம் வேறு. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டிக் கட்டிவைக்கக் கூடாது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இதை எழுதியவர்களுக்கு நம் வார்டுகள் தெரியாது என்று நான் நினைக்கவில்லை, நன்றாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அங்கேயும் யாரைக் கேட்டிருந்தாலும், "இத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

என் அனுபவத்தில், ஆள் இல்லாததால் கட்டுகிறோம், கட்டியதை எழுதாமல் விடுகிறோம், எழுதாததால் ஆள் இல்லாதது எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை, ஏறாததால் புதிய ஆள் வருவதில்லை. சகோதரியே, கட்ட நேர்ந்தால் மணி, நிமிடம், அப்போது பணியில் இருந்தவர்களின் எண்ணிக்கை வரை எழுதுங்கள். எழுதும்போது கை கூசும். கூசட்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு வேண்டாம். பதற்றத்தில் இருப்பவருக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், அதே சமயம் நீங்கள் வெளியேறும் வழியும் திறந்திருக்கட்டும். இரண்டு கை தூரம் விட்டு, சற்றுச் சாய்வாக நில்லுங்கள். ஐந்து பேர் ஐந்து கட்டளை இடாமல் ஒருவர் மட்டும், தணிந்த குரலில், சிறிய வாக்கியங்களில் பேச வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். கட்டிக்கொண்டு வந்த நான்கு பேரையும் முதலில் கண்ணுக்கு மறைவாக அனுப்புங்கள். பாதி ஆவேசம் அவர்களைப் பார்ப்பதால் வருவது.


பதிவு 5
மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு வந்தது, இப்போது அவனுக்கு முப்பத்தாறு. வார்டுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று மேலே எழுதியிருப்பதெல்லாம் பயனுள்ளவை. ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்கள் இடறி விழுவது வார்டுக்கு வெளியேதான். அதைச் செவிலியர்கள் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் ஒன்றரை ஆண்டு தாயத்து, மந்திரித்த கயிறு, வேப்பிலை அடி என்று ஓடிவிட்டது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் பக்கத்து மக்களுக்கு அது வெளி மாநிலம் என்ற எண்ணமே கிடையாது. ஓசூர்ச் சாலையிலேயே இருக்கிறது, பேருந்திலிருந்து இறங்கி நடந்துவிடலாம். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், வெளியே தமிழ். அங்கே ஒரு செவிலியர் என் அம்மாவிடம் தெலுங்கில் பேசத் தொடங்கியதும், அதுவரை எந்த மருத்துவரிடமும் வாய் திறக்காத என் தம்பி, தனக்குக் கேட்கும் குரல்கள் என்ன சொல்கின்றன என்று தெலுங்கிலேயே சொன்னான். அவனுக்கு அந்தக் குரல்கள் தெலுங்கில்தான் கேட்டிருக்கின்றன. தமிழில் கேட்ட கேள்விக்கு அவன் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவந்ததன் காரணம் எங்களுக்கே அன்றுதான் புரிந்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஏராளம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

மருந்தில் நன்றாகத் தேறினான். மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்தான். அங்கேதான் சிக்கல் வந்தது. மே முதல் ஜூலை வரை மாம்பழப் பருவத்தில் இரவு பகலாக வேலை ஓடும், ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மறுநாள் வேறு ஆள் நிற்பார். தொண்ணூறு கிலோமீட்டர் போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிவர எங்களில் ஒருவராலும் முடியவில்லை. அவன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டோம். ஏழாவது வாரம் அவன் தூக்கத்தை இழந்தான், பத்தாவது வாரம் தொழிற்சாலையின் ஒலிபெருக்கி தன்னைத் திட்டுவதாகச் சொல்லி மேற்பார்வையாளரை அடித்துவிட்டான். அந்த முறை அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே இருந்த செவிலியர் அவனை "ஏய் மெண்டல்" என்றுதான் கூப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "மறக்காமல் போடணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அவ்வளவுதான். அந்த மாத்திரை வாய்வறட்சி தரும், எடை கூடும், சர்க்கரையைப் பார்க்க வேண்டும், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் யாராவது இருபது நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எங்களுக்கு எத்தனையோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.


பதிவு 6
தென்பெண்ணை

முந்தைய பதிவைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நோயாளி. மனம் மிகை எழுச்சிக்கும் மனச்சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்காகப் பதினொரு ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறேன், கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் வேலை செய்கிறேன்.

லித்தியம் ஓர் உப்பு. ரத்தத்தில் 0.6-க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. இடைவெளி அவ்வளவுதான். உடம்பில் தண்ணீர் குறைந்தால் அளவு தானே ஏறிவிடும். ஏப்ரல் வெயிலில் பட்டறையில் வியர்த்துக் கொட்ட, முதுகு வலிக்கு மருந்துக் கடையில் டைக்குளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் போட்டேன். அந்த வலி மாத்திரையும் லித்தியத்தை உடம்பிலிருந்து வெளியேற விடாது என்று எனக்குத் தெரியாது. கை நடுக்கம் அதிகமாகி, வாந்தி எடுத்து, நடை தள்ளாடியபோது வீட்டார் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். நான் குடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் ஓபி சீட்டு எழுதும் இடத்தில் நின்றிருந்த செவிலியர் என் நடையைப் பார்த்தவுடன், "இன்று காலை மாத்திரை போட்டீர்களா? போடவில்லை என்றால் போடாதீர்கள், முதலில் ரத்தம் கொடுங்கள்" என்றார். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில்தான் அளவு சரியாகத் தெரியுமாம். ஆனால் இப்படி நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்று அவரே சொன்னார். அன்று வரிசையில் என் முறை வரும்வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

சகோதரிக்கு இன்னொன்று. எனக்கு இந்த நோய் என்று ஊருக்குத் தெரிந்த மறு வாரம் நான் "நீங்கள்" என்ற இடத்திலிருந்து "நீ" என்ற இடத்துக்கு இறங்கிவிட்டேன். அதுவரை "வாங்கண்ணா" என்ற டீக்கடைப் பையன் "வா, உட்காரு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, குழந்தையிடம் பேசுவதுபோல அன்பாகத்தான் சொன்னான். வார்டிலும் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். ஒரே ஒரு செவிலியர் மட்டும், என்னைவிடப் பத்து வயது இளையவர், மாத்திரை கொடுத்துவிட்டு, "நாக்கைத் தூக்கிக் காட்டுங்கள்ணா, தப்பாக எடுத்துக்காதீங்க, எல்லோரிடமும் பார்க்கிறேன்" என்பார். மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்துத் துப்புகிறவன்தான் நான் அப்போது. அவர் பணி நேரத்தில் மட்டும் விழுங்கினேன்.


பதிவு 7
கோட்டைமேடு

ஒரு சிறிய ஐயம். என் உறவினர் குடும்பம் மருந்தும் வாங்குகிறது, அமாவாசைதோறும் கோயிலுக்கும் அழைத்துச் செல்கிறது. கோயிலுக்குப் போகக் கூடாது என்று செவிலியர் தடுக்க வேண்டுமா?


பதிவு 8
வெண்தொப்பி (பாலக்கோடு)

தடுக்க வேண்டாம். தடுத்தால் மருத்துவமனைக்கு வருவதைத்தான் நிறுத்துவார்கள். தேங்காய் பழம் வைக்கும் பையிலேயே மாத்திரையையும் வைக்கச் சொல்லுங்கள். இரவு தங்குவதாக இருந்தால் இரவு வேளை மாத்திரை தவறக் கூடாது. லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இருக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கட்டிவைத்தல், அடித்தல், சூடு போடுதல் எங்கே நடந்தாலும் அது வழிபாட்டில் சேராது. அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது.


பதிவு 9
சூளகிரிச் சாலை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள் நான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கும்போது, மாந்தோப்பு அண்ணன் எழுதியதுபோன்ற குடும்பங்களை அடுத்த வாசலிலேயே பார்க்கிறேன். சர்க்கரை மாத்திரை தீர்ந்தால், "ஏம்மா இன்னும் கொண்டுவரலை" என்று தெருவிலிருந்தே சத்தம் போடுவார்கள். மன நோய் மாத்திரை தீர்ந்தால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். அதற்காக ஒருவர் தேடி வருவதைப் பக்கத்து வீடு பார்த்துவிடக் கூடாது என்றுதான் முதலில் நினைப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களின் காதுக்குப் போய்விடும் என்ற பயம் வேறு.

அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்குள் போகும்போது ரத்த அழுத்தக் கருவியைக் கையில் வெளியே தெரிய எடுத்துச் செல்வேன். வீட்டிலிருக்கும் பாட்டிக்கு அழுத்தம் பார்ப்பேன், அப்படியே மற்றதையும் விசாரிப்பேன். பொய்தான், ஆனாலும் பாட்டிக்கு அழுத்தம் இருப்பது இரண்டு வீடுகளில் அப்படித்தான் தெரியவந்தது.

மாத்திரைக்காகப் பெங்களூரு வரை போக வேண்டியதில்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கப்பட்டது. நிம்ஹான்ஸ் பெல்லாரி மாவட்டத்தில் முன்பு செய்துபார்த்த முறைதான் அதற்கு மாதிரி. மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் சேர்ந்த குழு, குறித்த நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கு வந்து பார்ப்பதும் மருந்தை இலவசமாகத் தருவதும் அதன் அடிப்படை. உங்கள் வட்ட மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று விசாரித்து வீட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். பேசவாவது ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டார்கள். நான் போகும் தெருக்களை நினைத்தால் அந்த எண் எனக்கு வியப்பைத் தரவில்லை.


பதிவு 10
தகடூரான்

இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அம்மா சொன்னபடி கட்டுப்படுத்த நேர்ந்த ஒவ்வொரு முறையும் மணி, நிமிடம், ஆள் கணக்கு எல்லாம் ஒரு மாதம் எழுதிப் பார்த்தோம். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத வேண்டியிருக்கிறதே என்ற எண்ணத்திலேயே, முன்பு விடியும்வரை விட்டுவைத்த கட்டுகளை இப்போது ஒரு மணி நேரத்தில் அவிழ்க்கிறோம். சட்டத்தைப் பற்றிய என் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.


பதிவு 11
ஒகேனக்கல் சாரல் (தருமபுரி மாவட்டம்)

மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஓய்வு என்று சொன்னவர்களிடம் என் காலைக் காட்ட வேண்டும், பிரசவ வார்டில்கூட இவ்வளவு நடந்ததில்லை. முதல் வாரத்திலேயே கழுத்து முறுக்கிக்கொண்ட ஒரு பையனைப் பார்த்தேன். கால் பதறினாலும் அம்மா எழுதியது நினைவுக்கு வந்தது. மருத்துவர் ஊசி போடச் சொல்லி அவன் கழுத்து நேரானபோது, அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

விஷம் என்று சொன்ன அந்தப் பெண் இரண்டு நாட்கள் முட்டையை உடைக்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்தார். மூன்றாம் நாள் நாற்றம் வந்ததும் தானே எடுத்துக் கொடுத்து, "புதுசா ஒண்ணு கொடுங்க" என்றார். அதை உடைத்துச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போகும் நாளில் அவருடைய கணவரை உட்காரவைத்து, மாந்தோப்பு அண்ணன் சொன்ன இருபது நிமிடத்தைப் பேசினேன். பின்னால் வரிசை நின்றது, இன்சார்ஜ் சிஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டார். பதினெட்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். பென்னாகரம் பக்கத்துக்காரர்கள், அடுத்த மாத்திரைக்குரிய கிழமையை அவர் கைப்பேசியிலேயே குறித்துக் கொடுத்தேன். வந்தார்கள். இரண்டாம் முறை வரவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்க எங்களில் யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை. சூளகிரியில் இருக்கும் சகோதரியைப் போல ஒருவர் அந்த ஊரிலும் இருப்பார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

"நீங்கள்" என்று பேசத் தொடங்கியதை உதவியாளர்கள் முதலில் கேலி செய்தார்கள். இப்போது ஒருவர் மட்டும், நான் இருக்கும்போது மட்டும், "வாங்க" என்கிறார்.

இன்னொன்று, எழுதலாமா என்று தயங்கியது. என் மாமியார் சொன்னபடி தினமும் வாசலில் உப்பு சுற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார், நானும் தடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை உப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றாமல் நின்றார். "நீ கொடுக்கிற அந்த மாத்திரையெல்லாம் நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்ததா?" என்று கேட்டார். ஏன் அத்தை என்றேன். தன் தம்பி ஒருவரை ஊரில் மாட்டுக் கொட்டகையில் கட்டிவைத்திருந்ததாகச் சொன்னார். அப்படி ஒரு தம்பி இருந்ததே எனக்கோ என் கணவருக்கோ தெரியாது. மனநோய்க்கான குளோர்புரோமசின் மருந்து 1950-களிலேயே வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை அத்தை, கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். உப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அப்படிச் சொன்னது சரியா என்று உங்களைத்தான் கேட்கிறேன்.


பதிவு 12
வெண்தொப்பி (பாலக்கோடு)

அது சரியா தவறா என்பதைப் பிறகு பேசுவோம், சகோதரி. "தம்பி இருந்ததே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தம்பி இப்போது எங்கே என்று கேட்டீர்களா?